தங்கவயலில் ஓர் ஆனதோத்து



வாழ்க்கை நம் கையை விட்டுப் போகும்போது கிறிஸ்தவ விசுவாசம் என்ன நம்பிக்கையைத் தரும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வேறு ஊரில் என்றால் இந்தத் தலைப்பில் பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். தங்கவயலில் அது முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று இந்த ஊரின் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனது, சம்பளம் போனது என்பதோடு அது நிற்கவில்லை. வீடு சுரங்கக் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. தண்ணீர், விளக்கு, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், நேரம் சொன்ன சங்கு எல்லாமே கம்பெனியுடையவை. ஒரே நாளில் ஒரு முழு ஊரின் வாழ்க்கை அந்த ஊர்க்காரர்கள் யாரையும் கேட்காமல் முடிவு செய்யப்பட்டது.

ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 2001க்கு முன்னால் மட்டும் வாழ்க்கை நம் கையில் இருந்ததா? நம் முன்னோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் சேரியில் பிறந்து, அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை விழுங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு ஆறுவதற்குள், 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே வந்தது. பசிக்குப் பயந்து ஊரை விட்டவர்கள் இருட்டுக்குள் இறங்கினார்கள். உச்சக் காலத்தில் சுமார் 30,000 பேர் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. ஒரே கூண்டில் அடிமட்டத்துக்குப் போய்விட முடியாது. பாதியில் இறங்கி, நடந்து, மறுபடி இன்னொரு கூண்டில் ஏற வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்.

அதற்கும் மேலே, ராக் பர்ஸ்ட். அவ்வளவு ஆழத்தில் மலையின் எடை முழுவதும் பாறையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நாம் குடைந்த இடத்தில் அந்த அழுத்தம் திடீரென்று விடுபட்டால் பாறை வெடிக்கும். வெடிமருந்து வேண்டாம், யாருடைய தவறும் வேண்டாம். நடு இரவில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அதிரும். அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கும். பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். ‘யாருக்கு இன்னைக்கு நைட் ஷிஃப்ட்?’ என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. பாறை எப்போது வெடிக்கும் என்று படித்தவர்கள் ஆராய வேண்டிய அவசியம் நம் வாசலில்தான் இருந்தது. அத்தனை கருவிகள் வந்த பிறகும், இந்த நிமிஷம் இந்த இடம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

ஆகவே தங்கவயல் மக்கள் கட்டுப்பாட்டை இழந்தவர்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். ஒருநாளும் அது கையில் இல்லாமலே நான்கு தலைமுறை வாழ்ந்து, பிள்ளை பெற்று, பாட்டுப் பாடி, ஆலயம் கட்டியவர்கள் நாம். சாம்பியன் ரீஃபில் மாதா கோயில் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் பெரிதும் சிறிதுமாக எத்தனை ஜெப வீடுகள்! இவற்றுக்குள் என்ன நடந்தது என்பதே இன்று என் பேச்சு.

என் பெரியப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன். மேல் பாறை இறங்கிவிடாமல் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. வேலை தொடங்குமுன் கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு தலைக்கு மேலே உள்ள பாறையைத் தட்டிக்கொண்டே போவாராம். நல்ல பாறை கணீரென்று மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்டுப் பிரிந்திருக்கும் பாறை ‘பொத்’ என்று பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், காதுதான் வித்தியாசம் சொல்லும். பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தில் ஆளை நிறுத்தமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை.

அவருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. கல் தூசி நுரையீரலில் படிந்து, அதைச் சுற்றித் தழும்பு கட்டி, நுரையீரல் கல்போல இறுகிப்போகும் நோய். குணமாக்க மருந்து கிடையாது. சுரங்கத்தை விட்டு வந்த பிறகும் அது வளரும். காசநோயும் எளிதில் தொற்றும். திண்ணையில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால்தான் அவரால் மூச்சு விட முடியும். அவரைப் பார்க்க ஊழியக்காரர்கள் வருவார்கள், ஜெபிப்பார்கள், ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல்களை அவர் பாறையைத் தட்டியதுபோலத் தட்டிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒருமுறை வெளியூர்ப் போதகர் ஒருவர் பரலோகத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே வீதியே பொன்னால் ஆனது என்றார். வேதத்தில் உள்ளதுதான், வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரம். பெரியப்பா மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாக, ‘பாஸ்டரய்யா, பொன்னை நான் நிறையப் பார்த்துட்டேன். அங்க மூச்சு விட முடியுமான்னு மட்டும் சொல்லுங்க’ என்றார். போதகர் பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் செய்ததில் மிகச் சரியான ஊழியம் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பொள்ளல் சத்தம் போடும் ஆறுதல்கள் நம் சபைகளில் உண்டு. வெளிப்படையாகவே சொல்கிறேன். எல்லாம் தேவ சித்தம், முறுமுறுக்காதே என்பது ஒன்று. 1930இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவுக்கு மறுத்து, பின்னால் ஒரு சங்கம்கூட இல்லாமல் வேலையை நிறுத்தினார்கள். 1946இல் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். நம் உரிமைகள் அப்படித்தான் வந்தன. அந்த வேளையில் எந்தப் பிரசங்க மேடையாவது ‘சகித்துக்கொள், இது தேவ சித்தம்’ என்று சொல்லியிருந்தால், அது எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்ட தேவனுடைய செய்தியாக இருந்திருக்க முடியாது.

சுரங்கம் மூடிய பிறகு இன்னொரு ஆறுதல் வந்தது. ஜெபித்தால் மைன் திறக்கும், நாற்பது நாள் உபவாசம் இருந்தால் கதவு திறக்கும் என்றார்கள். மக்கள் ஜெபித்தார்கள். திறக்கவில்லை. பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் ஏறி, சுரங்கம் முழுவதும் தண்ணீரால் நிறைந்தது. அதற்குப் பிறகு, உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் வாயும் கிளம்பியது. கணவனையும் சம்பளத்தையும் இழந்த ஒரு பெண்ணிடம் போய், திறக்காததற்கு நீயே காரணம் என்று சொல்வதைவிடக் கொடுமை வேறு இல்லை. தேவனை நம் கையில் உள்ள ஒரு சாவியாக ஆக்கிவிட்டால், கதவு திறக்காத நாளில் தேவனும் போய்விடுகிறார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கடந்து போக எனக்கு மனமில்லை. இந்த ஊருக்கு வேலை கற்றுக்கொடுக்க வந்த வெள்ளைக்காரர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். கார்ன்வாலில் குவென்னப் பிட் என்றொரு பள்ளம் இருக்கிறது. கீழே தோண்டிய சுரங்கத்தால் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம் என்பார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1762 முதல் பல முறை அங்கே நின்று, சுற்றிலும் கூடியிருந்த சுரங்கக்காரர்களுக்குப் பிரசங்கித்தார். ஏழைச் சுரங்கத் தொழிலாளியைத் தேடிப் போன சுவிசேஷம் அது. அவர்களுடைய பேரன்மார் இங்கே வந்தபோது பங்களாவும் கிளப்பும் அவர்களுக்கு, தட்டிக் குடிசை நமக்கு என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆண்டவரைத்தான் இரண்டு பேரும் கும்பிட்டார்கள். அவர்கள் தாத்தாவுக்குக் கிடைத்த நற்செய்தி நம் தாத்தாவுக்கும் உரியது என்பதை நம்மவர்கள் தாங்களாகவே படித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நம்மவர்கள் என்று சொல்லும்போது கிறிஸ்தவர்களை மட்டும் நான் நினைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவருடைய எழுத்துகளை அச்சிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலை இந்த ஊருடையது. புத்தரிடத்திலும் செங்கொடியிலும் அம்பேத்கரிடத்திலும் நம்பிக்கை கண்டவர்கள் நம் அண்டை வீட்டார், நம் சொந்தக்காரர்கள். கூண்டில் அவர்களோடு தோளுரசி இறங்கியவர்கள்தாம் நம் பெரியவர்கள். அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, எங்களுக்கே உண்டு என்று பேசுவதற்கு நான் வரவில்லை. எங்களுக்குக் கிடைத்தது இன்னது என்று சாட்சி சொல்லவே வந்தேன்.

வேதத்தில் சுரங்கத்தைப் பற்றி ஓர் அதிகாரமே இருக்கிறது. யோபு 28. தங்கவயல் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை வாசிக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மனுஷன் இருளுக்கு ஒரு முடிவு கட்டுகிறான், ஜன நடமாட்டம் இல்லாத இடத்தில் குழி வெட்டுகிறான், கயிற்றில் தொங்கி ஆடுகிறான், மலைகளின் வேரையே புரட்டுகிறான் என்று அந்தக் கவிஞன் எழுதுகிறான். வல்லூறின் கண்ணும் காணாத பாதை என்கிறான். இந்த ஊரின் கிஃபர்ட் ஷாஃப்டில் இறங்கியவர்கள் இதைக் கேட்டால் தங்களையே காண்பார்கள். ஆனால் அந்த அதிகாரம் மனிதனின் திறமையைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. இவ்வளவு ஆழம் போகத் தெரிந்தவனுக்கு, தன் வாழ்க்கை ஏன் இப்படி ஆனது என்ற ஞானம் எந்தச் சுரங்கத்திலும் அகப்படவில்லை, ஓப்பீரின் தங்கம் கொடுத்தாலும் அதை வாங்க முடியாது என்று சொல்கிறது.

யோபு தன் பிள்ளைகளை இழந்தவன். நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்லவர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டார்கள். யோபுவோ தேவனிடமே வழக்காடினான், பிறந்த நாளைச் சபித்தான். முடிவில் கர்த்தர் அந்த நண்பர்கள்மேல் கோபப்பட்டு, யோபுதான் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்கிறார். புலம்பியவன் சரி, விளக்கம் சொன்னவர்கள் தவறு. சங்கீதப் புத்தகத்திலும் எத்தனை புலம்பல்கள்! இழவு வீட்டில் நம் பெண்கள் வைக்கும் ஒப்பாரியை அநாகரிகம் என்று சில சபைகள் நிறுத்தின. அது பெரிய இழப்பு. அழுகையை அடக்கிய இடத்தில் நம்பிக்கை வளராது. தேவனைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கிறவன் அவரை விட்டுப் போகவில்லை. கேட்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார் என்று இன்னும் நம்புகிறவன்தானே கேட்பான்?

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1926இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். 1943இல் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பக்கத்தில் நின்ற நண்பன் செத்து விழுந்தான், இவர் பிழைத்தார். பிறகு போர்க் கைதியாகி, 1948 வரை முகாம்களில் இருந்தார். அங்கே அவர் கையில் ஒரு வேதாகமம் வந்தது. அவரைத் தொட்டது வெற்றிப் பாட்டு எதுவும் இல்லை. புலம்பல் சங்கீதமும், சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கதறிய இயேசுவின் குரலுமே தொட்டன. தன்னைப் புரிந்துகொண்ட ஒருவரை அங்கே கண்டுகொண்டதாக அவர் பின்னாளில் சொன்னார். 1964இல் அவர் எழுதிய ‘நம்பிக்கையின் இறையியல்’ உலகெங்கும் சபைகளின் சிந்தனையை மாற்றியது. அந்த நூலுக்கு விதை கைதி முகாமின் முள்வேலிக்குள் விழுந்தது.

கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நம் தேவன் மேலேயிருந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருப்பவர் இல்லை. இறங்கினவர். மரித்தவர்களின் இடம்வரைக்கும் கிறிஸ்து இறங்கினார் என்று ஒவ்வொரு ஆராதனையிலும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. ஒன்றும் நடக்காத நாள், கல்லறை மூடியிருக்கும் நாள். நம் சபைகளில் அன்றைக்குப் பெரும்பாலும் ஆலயத்தைக் கழுவி, பூ கட்டி முடித்துவிடுகிறோம். தங்கவயல் 2001லிருந்து வாழ்வது அந்தச் சனிக்கிழமையில். அந்த நாளிலும் கிறிஸ்து எங்கோ தொலைவில் இல்லை, கீழே, நமக்கும் கீழே இருக்கிறார் என்பதே சபையின் பழைய விசுவாசம். பாதாளத்தில் படுக்கை போட்டாலும் அங்கேயும் நீர் இருக்கிறீர் என்று 139ஆம் சங்கீதக்காரன் வியந்தது பூமிக்கடியில் வேலை செய்தவனுக்குச் சும்மா ஒரு அலங்காரமாகத் தோன்றாது.

ஆழம் வெறுமையான இடம் இல்லை என்பதற்கு இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. இதே சாம்பியன் ரீஃபில், 1965இல், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒசாகா சிட்டி, டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரு கருவியை வைத்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோத் துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகத்திலேயே அப்படிக் கண்ட முதல் ஆட்களில் அவர்களும் சேர்த்தி. மேலே தரையில் அதைப் பிடிக்க முடியாது. மற்ற கதிர்களின் இரைச்சல் அதிகம். அவ்வளவு பாறையும் அந்த இரைச்சலைத் தடுத்த இடத்தில்தான், எதையும் ஊடுருவிப் போகும் அந்த மெல்லிய துகள் அகப்பட்டது. நம் ஊருக்கு இது ஒரு பெருமை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, தேவன் நம்மோடு இறங்கியிருக்கிறார். அதனால் நாம் என்ன செய்வது? சும்மா காத்திருப்பதா? இந்தக் கேள்விக்கு நான் எரேமியாவிடம்தான் போவேன்.

எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறான். அப்போது அவனுடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ‘ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்கு உண்டு’ என்கிறான். எப்படிப்பட்ட நேரம் பாருங்கள்! ஆனதோத்து எதிரியின் கையில் இருக்கிறது. வாங்குகிறவன் சிறையில் இருக்கிறான். அந்த நிலத்துக்கு யாரும் ஒரு காசு தரமாட்டார்கள். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான். பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்து, முத்திரை போட்டதையும் போடாததையும் தன் எழுத்தன் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்கிறான். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பது அவனுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. பத்திரத்தைக் கொடுத்து முடித்த கையோடு எரேமியா ஜெபிக்கிறான். அந்த ஜெபத்தில், நகரம் கல்தேயர் கையில் போகும்போது என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று அவனே கேட்கிறான். அவனுக்குப் புரியவில்லை. முதலில் வாங்கினான், பிறகு சந்தேகம் கேட்டான். சந்தேகம் தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தால் அந்தப் பத்திரமே எழுதப்பட்டிருக்காது.

இன்னொன்றும் உண்டு, இதை நாம் பிரசங்கத்தில் சொல்வதில்லை. எரேமியா ஆனதோத்தில் ஒருநாளும் உழவில்லை. நகரம் விழுந்தது. மிஞ்சியவர்கள் அவனையும் சேர்த்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். வேதத்தில் அவன் கதை அங்கேயே முடிகிறது. அந்தப் பதினேழு சேக்கலுக்கு அவனுக்கு ஒரு படி தானியம்கூடத் திரும்ப வந்ததாக எழுதியில்லை. ஆனாலும் அந்த வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில், எஸ்றாவின் புத்தகத்தில், ஆனதோத்து ஆட்கள் என்று ஓர் எண்ணிக்கையே இருக்கிறது. நூற்று இருபத்தெட்டுப் பேர். வாங்கியவன் ஒருவன், அதில் வாழ வந்தவர்கள் வேறு ஆட்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் பெரியப்பா வீட்டுத் தரை நினைவுக்கு வரும். கணக்கு முடித்துப் பணம் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் பலர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கிளம்பினார்கள். அவர்கள் போனதில் தவறில்லை. பெரியப்பா பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் பத்திரம் எப்போது வரும் என்று தெரியாத அந்த லைன் வீட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டார். ‘நாளைக்கே காலி பண்ணச் சொன்னா என்னண்ணே செய்வே? அடுத்தவன் வீட்டுக்கு எதுக்குத் தரை?’ என்று என் அப்பா கோபப்பட்டார். ‘புள்ளைங்க உக்காந்து படிக்கத் தரை வேணும்ல’ என்றார் அவர். அந்த லைனில் ஒழுங்கான தரை உள்ள வீடு அது ஒன்றுதான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரியம்மா தரையைத் துடைத்துப் பாய் விரித்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்காரும். அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிதான் இருப்பார்கள். பெரியப்பா மூச்சுவாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்ப்பார். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் விரல் முட்டியால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. நர்ஸாகவும் கம்ப்யூட்டர் வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் இன்று அவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவ நம்பிக்கை எது என்று என்னைக் கேட்டால் நான் அந்தத் தரையைத்தான் காட்டுவேன். நிலைமை என் கையில் இல்லை, அதன் முடிவும் எனக்குத் தெரியாது. ஆனால் முடிவு யார் கையில் இருக்கிறதோ அவர் உயிர்த்தெழுந்தவர் என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்றைக்கு என் கைக்கு எட்டியதைச் செய்துவிடுகிறேன், பலன் என் வீட்டுக்கு வராவிட்டாலும் சரி. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. பட்ட பாடு எதுவும் நடக்காததுபோல் அழிக்கப்படவில்லை. அதனால்தான் சிலிக்கோசிஸால் போனவர்களையும் பர்ஸ்ட்டில் போனவர்களையும் மறந்துவிட்டு வரும் ஒரு நம்பிக்கையை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் தழும்புகளோடு சேர்த்தே மீட்கப்படுவார்கள் என்று காத்திருக்கிறேன்.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த, 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஐயாவை, பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்டவரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். நாட்டுப்புற மெட்டில் ஆராதனையே அமைத்தவர். எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில் திருவிருந்தின் பொருளைக் கண்டவர். ஒண்டியாக ஒருவன் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று அவர் அறிந்திருந்தார். எரேமியாவையும் ஒருமுறை சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள். அவனைத் தூக்கி எடுத்தவன் எபெத்மெலேக், ஓர் எத்தியோப்பியன், அயல்நாட்டான். வெறும் கயிற்றை வீசிவிட்டு இழு என்று அவன் சொல்லவில்லை. அரண்மனைக் கிடங்கிலிருந்து பழந்துணிகளை எடுத்துவந்து, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள் என்று சொல்லி இறக்கினான். அந்தக் கந்தல் துணியை வேதம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே சபைக்கு என் வேண்டுகோளும் துணி அளவுக்குச் சின்னதுதான். சிலிக்கோசிஸால் கணவனை இழந்து, எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் பழைய பில்லையையும் சம்பளச் சீட்டையும் பெட்டிக்குள் வைத்திருக்கும் தாய்மார்கள் நம் லைன்களில் இன்னும் இருக்கிறார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இரவு திரும்பும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை அவர்களுக்குத் துணை வேண்டும். படிக்க இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்டபமோ வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. தங்கம் பிரித்தபின் குவிந்து கிடக்கும் சயனைடு மண் மேட்டிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இப்போது ஊரெங்கும் இருக்கிறது. எடுக்கட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வந்தால் நல்லதுதான். அதே நேரம், தூசி யார் மூச்சில் போகும், வேலை யாருக்குக் கிடைக்கும் என்று கேட்க முதல் ஆளாகச் சபை போய் நிற்க வேண்டும். இந்த ஊர் ஒருமுறை கேட்காமல் இருந்ததற்கு என்ன விலை கொடுத்தது என்று நமக்குத் தெரியும்.

ஆயர் அவர்களோடு முன்பே பேசியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப வேண்டாம். வாசல் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறது. எந்த லைனில் எந்த வீட்டில் உதவி வேண்டும், யாரால் எந்த நாளில் வர முடியும் என்று உங்களுக்குத் தெரிந்ததை அங்கே உட்கார்ந்திருக்கும் வாலிபர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். நாளை மறுநாள் முதல் சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த மண்டபத்தைப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்க மூப்பர்கள் சம்மதித்திருக்கிறார்கள். முதல் வாரம் கணக்குப் பாடம் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.